கூரை காயும் வரை

ஆவடிப் பக்கம் பாசி பிடித்த தார்க்கூரைகளில் பாதியை இந்தக் கையால் கழுவியவன் நான்.

பொய். கழுவியது மேகம். நான் கீழே ஏணியைப் பிடித்தவன். அதிலும் பாதி நேரம் ஏணிதான் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மேகம் என்பது தெரு வைத்த பெயர். தரையில் கால் வைக்க அவ்வளவு சலித்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்திலேயே வேறு யாரும் கிடையாது.

சேக்காட்டில் நாங்கள் குடியிருந்தது, சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குக் கட்டிப்போட்ட நீளக் கொட்டகைகளில். சரிவான பலகைக் கூரை, அதன்மேல் மணல் ஒட்டிய தார்த்தாள். மழைக்காலம் முடிந்தால் எல்லாக் கூரையும் எருமை முதுகு மாதிரிப் பாசியேறிக் கிடக்கும்.

ஒருமுறை நானே துடைப்பத்தோடு ஏறினேன். ஏறியது ஏணி வழியாக; இறங்கியது பக்கத்து வீட்டு வடகத்தின் மேல். அடுத்த கூரையிலிருந்து மேகம் பதறிப்போய்க் கத்தினார்: "தேய்க்காத நைனா! மணலு பூடும்!"

அவர் தேய்க்கவே மாட்டார். மருந்து பட்டுக் கருகாமல் இருக்க, முதலில் கீழே இருக்கிற கனகாம்பரத்துக்கெல்லாம் தண்ணீர் ஊற்றச் சொல்வார். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைப் பூவாளியால் மெல்லத் தூவுவார். பாசி தானாக வெளுத்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசுவார். பிறகு உச்சியில் ஒரு காய்ந்த இடமாகப் பார்த்துப் படுத்துவிடுவார். ஈரக் கூரையில் கால் வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். காயும் வரை டீயும் பீடியும் கயிற்றில்தான் மேலே போகும்.

"ஏணில நின்னே ஊத்தலாமே, அண்ணாத்தே?"

"ஏணில நின்னா ஏரி தெரியாது, நைனா."

மல்லாந்து படுத்தபடி பேசுவார். "தோ, மழை ஒண்ணு நடந்து வந்துகினு கீது... திருமுல்லைவாயில்ல ரயிலு நின்னு யோசிக்குது... கொக்கு ஒண்ணு தண்ணில தன் மூஞ்சியப் பாத்துகினு கீது." கீழே பெண்கள் கேட்டுக்கொண்டே நிற்பார்கள். உள்ளே சோறு தீயும்.

கூரையிலேயே குடியிருக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? தலை நரைக்கும் வயதில், ஏரிக்கு அந்தக் கரையிலிருந்து ஒரே ஒரு வரன் வந்தது. பெண் பெயர் அலமேலு, தையல்காரி. தை மாதம் ஒரு நாள், சாயங்காலம் பெண் பார்க்கப் போக வேண்டும். மனிதர் காலையிலேயே என் வீட்டுக் கூரையில் ஏறிவிட்டார். மத்தியானம் காய்ந்துவிடும் என்று கணக்கு. தை மாதத்தில் தூறல் வரும் என்று யார் கண்டார்கள்?

கூரை முழுக்க ஈரம். சாயங்காலமும் வந்தது. மேகம் இறங்கவில்லை. காத்திருந்து அலுத்துப்போன அலமேலுவின் அண்ணன் தங்கையையும் கூட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

"யோவ்! பொண்ணு பாக்க வராம கூரைல குந்திகினு இன்னாயா பண்றே? எறங்குயா!"

"ஈரமா கீது மச்சான். காஞ்சதும் வரேன்."

"இன்னும் பொண்ணே பாக்கல, அதுக்குள்ள மச்சானா? வா அலமேலு, போலாம். கழண்ட கேசு."

அவ்வளவுதான், இனிமேல் இந்த ஆளுக்குக் கல்யாணம் கூரையோடுதான் என்று நினைத்தேன். பயத்தில் ஏணியை இறுக்கிப் பிடித்தேன், அதில் யாருமே இல்லாவிட்டாலும்.

அலமேலு போகவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"அங்கேர்ந்து இன்னா தெரிது?"

மேகம் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏரி தெரிது. அந்தாண்ட உங்க ஊடு தெரிது. கொடில மஞ்சப் பொடவை நனையுது, எடுக்க மறந்துட்டே."

"எங்க ஊடுன்னு எப்டித் தெரியும்?"

"சாய்ந்தரம் பொண்ணு பாக்க வரச் சொன்னாங்க. நான் காலைலேர்ந்தே பாத்துகினு கீறேன்."

தெருவே வாயைப் பிளந்தது. அலமேலு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீ போயி அந்தப் பொடவைய எடு. கூரை காயிற வரைக்கும் நான் இங்கியே கீறேன்."

தூறல் நின்று, நன்றாக இருட்டிய பிறகுதான் காய்ந்தது. மேகம் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் நின்று, அலமேலுவைப் பக்கத்தில் பார்த்து, முதன்முதலாக என்ன கேட்டார் தெரியுமா...

"இன்னா தம்பி, எழுதிகினே குந்திகினு கீறே?" எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தேன். வாசலில் அலமேலு அண்ணி. "கூரை காஞ்சி போச்சு, அவுரு எறங்கணுமாம். ஏணிய நான் புடிச்சா ஒத்துக்க மாட்றாரு. நீ வந்தாத்தானாம்."

கதையை வேறு யாராவது சொல்லட்டும். ஏணியை வேறு யாருக்கும் விட மாட்டேன்.