உப்பில்லாத மூன்று வருஷம்

மாத்திரை அட்டை காலி. தையல் கடையில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், உடைந்த குழிகளை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கியும் பார்த்தார். இல்லாத மாத்திரை அமுக்கினால் வந்துவிடுமா?

வழக்கமாக இந்நேரம் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் அவர் கைக்கு வந்திருக்கும். கொண்டுவந்து கொடுக்கிற மனைவி நேற்றுச் சாயங்காலம் சின்னப் பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. சண்டை போடுவதற்கு இரண்டு பேர் வேண்டுமே! கத்தியது முழுக்க அவர்தான்.

எல்லாம் உப்பால் வந்தது. நேற்றும் சாப்பாட்டில் உப்பில்லை. "காய்க்கு என்ன வெந்நீர்க் குளியலா? குளிப்பாட்டி அப்படியே தட்டுல வச்சுட்டியா?" என்று ஆரம்பித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நீதான் மூணு வருஷமா உப்பே போடலையே, உன்னை நான் எதுக்கு நினைக்கணும்?"

சொன்னவுடன் ரொம்ப சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாகச் சிரித்தும் கொண்டார். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நாலு நாள் பொண்ணு வீட்ல இருந்துட்டு வரேங்க" என்று கிளம்பினாள். வாசல் வரைக்கும் போய், "வேண்டாம், இரு" என்று சொல்ல அவருக்கு ஆசைதான். ரோஷம் காலைக் கட்டிப்போட்டது. இப்போது அந்த ரோஷத்தை எடுத்து எந்தத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது?

மாத்திரை விஷயம் சாதாரணமில்லை. அவருடைய அண்ணன் பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினவர். ஒரு நாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். வலது கை இன்றைக்கும் மடியில் சும்மா கிடக்கிறது. கத்தரிக்கோல் பிடித்துப் பிழைக்கிற மாஸ்டர், அந்தக் கையை நினைத்தே ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை.

அவருக்கும் பிரஷர் என்று தெரிந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். கணவன் மனைவி இரண்டு பேரும் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளப் போயிருந்தார்கள். டாக்டர் முடிவைச் சொல்லக் கூப்பிட்ட நேரத்தில், வரிசை எண் தவறிவிட்டது என்று மாஸ்டர் வெளியே சிப்பந்தியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். மனைவிதான் உள்ளே போய்விட்டு வந்து சொன்னாள்: "உங்களுக்குப் பிரஷராம். உப்பைக் குறைக்கணுமாம். தினமும் நடக்கணுமாம். கத்தவே கூடாதாம். மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாதாம்."

அன்றிலிருந்து அந்தப் பிரஷரைப் பட்டம் மாதிரி சுமந்து திரிந்தார் மாஸ்டர். கடையில் மின்விசிறி அவர் பக்கம் மட்டும் திரும்பியிருக்கும். "எனக்குப் பிரஷர்" என்றால் வாடிக்கையாளர் பேரம் பேச மாட்டார். வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் அவரிடம் சொல்ல மாட்டார்கள். இத்தனை சலுகையையும் வாங்கிக்கொண்டு, கடையில் பித்தான் டப்பாவுக்கு அடியில் உப்புக் கடலையும் ஒளித்து வைத்திருந்தார். அதை நினைக்கவும் இப்போது கூச்சமாக இருந்தது.

மனைவியிடம் நேராகப் பேசத் துணிவில்லாமல் மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மா என்னம்மா பண்றா?"

"படுத்திருக்காங்கப்பா. தலை சுத்துதாம்."

"கோபத்துல படுத்திருப்பா."

"அம்மா என்னைக்குப்பா கோபப்பட்டிருக்காங்க?"

மன்னிப்புக் கேட்கிற இடம் அதுதான். வாய் வேறு எங்கோ போயிற்று.

"என் மாத்திரை தீர்ந்துபோச்சு. எந்தக் கடையில வாங்குவான்னு கேட்டுச் சொல்லு."

"இதுக்குத்தான் போன் பண்ணீங்களா?" என்றாள் மகள். கடை பேரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த மருந்துக் கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதுவரைக்கும் நெஞ்சு தாங்குமா என்று பார்த்துக்கொள்ள, அலமாரியிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்தார். இதுவரை அதை அவராகத் தொட்டதில்லை. மனைவிதான் கையில் பட்டையைச் சுற்றி, "அஞ்சு நிமிஷம் பேசாம உட்காருங்க, காலைத் தரையில வைங்க, கண்ணை மூடிக்குங்க. எண்ணைப் பார்த்தா அதுக்கே ஏறும்" என்பாள். பிறகு நோட்டில் எழுதிக்கொள்வாள்.

இன்றைக்குக் கண்ணைத் திறந்தே பார்த்தார். நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு.

"மெஷின் கெட்டுப்போச்சு!"

பேட்டரியை மாற்றினார். நூற்றிருபது, எண்பது. தலையில் ஒரு தட்டுத் தட்டினார், மெஷினுடைய தலையில். நூற்றுப் பதினாறு. இத்தனை கவலையில் இருக்கிற பிரஷர்காரனுக்கு நூற்றுப் பதினாறா? மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தையல் கடைக்கு ஓடினார்.

கடையில் இஸ்திரிக்காரர் மட்டும் வந்திருந்தார். பதினைந்து வருஷமாக அங்கே துணி தேய்க்கிறவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவர் வாயைத் திறந்தால் கொட்டாவிக்குத்தான் என்பது மாஸ்டரின் நெடுநாள் கிண்டல்.

"அண்ணே, கையை நீட்டுங்க. இந்த மெஷின் சரியா இருக்கான்னு பார்க்கணும்."

"தேய்ச்சுக்கிட்டு இருக்கேன் மாஸ்டர்."

"பேண்ட் எங்கேயும் ஓடாது. உட்காருங்க."

மெஷின் உறுமி அடங்கியது. நூற்றெழுபது, நூற்று நான்கு.

மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீங்களா? சுத்தமா கெட்டுப்போச்சு! நாள் முழுக்கக் கத்துற எனக்கு ஒண்ணுமில்லையாம். சாதுவா இருக்கிற உங்களுக்கு நூத்தெழுபதாம்!"

இஸ்திரிக்காரர் சிரிக்கவில்லை. "எனக்கு ஏதாவது ஆயிடுமா மாஸ்டர்? ரெண்டு பொண்ணு இருக்காங்க" என்றார் மெல்ல.

"மெஷின்தான் கோளாறுங்கிறேனே! இன்னொரு தரம் பார்க்கலாம்."

பார்த்தார்கள். நூற்றெழுபத்திரண்டு. அதற்குள் கருகல் வாடை வந்தது. திரும்பிப் பார்த்தால், மறந்து வைத்த இஸ்திரிப்பெட்டி வாடிக்கையாளரின் புதுப் பேண்டில் தன் உருவத்தை அச்சாகப் பதித்திருந்தது. பதறிப்போய்த் தண்ணீரைக் கொட்டினார் மாஸ்டர். தண்ணீர் பேண்டில் கொஞ்சம் விழுந்தது. மிச்சமெல்லாம், நேற்று அவர் வெட்டி அடுக்கியிருந்த கோட்டுத் துணியின் மேல் விழுந்து, சுண்ணக்கட்டிக் கோடுகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயிற்று.

வேறு நாளாக இருந்தால் கூரை பறந்திருக்கும். இன்றைக்கு அவருக்குக் கத்த வரவில்லை. இஸ்திரிக்காரர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்ற கோலம் என்னவோ செய்தது. நல்லபடியாகத் தேய்த்துக்கொண்டிருந்தவரை இழுத்து உட்காரவைத்துக் கலங்கடித்தது யார்? நேற்று வீட்டில் ஒருத்தி, இன்றைக்குக் கடையில் ஒருவர்.

"வாங்கண்ணே, மருந்துக் கடைக்குப் போய் ஒழுங்கான மெஷின்ல பார்த்துடலாம். பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றார். மனைவியிடம் இப்படி ஒரு வார்த்தை என்றைக்காவது சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தபடியே நடந்தார். சொன்னதாக நினைவில்லை. காலை நடையில்கூட அவர் பத்தடி முன்னால்தான் போவார். அவள் மூச்சிரைக்கப் பின்னால் வருவாள். "சீக்கிரம் வா, பிரஷர் உனக்கா எனக்கா?" என்று திரும்பிப் பார்த்து அதட்டுவார்.

மருந்துக் கடை அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முதலில் இஸ்திரிக்காரரை உட்காரவைத்தாள். ஐந்து நிமிஷம் பேச விடவில்லை. நூற்றறுபத்தெட்டு, நூற்றிரண்டு.

"ஐயா, உங்களுக்கு அதிகமா இருக்கு. பயப்பட வேண்டாம், ஆனா தள்ளிப் போடாதீங்க. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா."

"தெரியாதுங்க. பிரஷர் சத்தம் போடாது. அதனாலதான் அப்பப்போ பார்த்துக்கணும்."

மாஸ்டருக்கு முகம் சுருங்கியது. அப்படியானால் மெஷின் கெடவில்லை. சட்டென்று தன் கையையும் நீட்டினார். நூற்றிருபது, எண்பது.

"சார், உங்களுக்கு நல்லாவே இருக்கு."

"எப்படிம்மா நல்லா இருக்கும்? மூணு வருஷமா நான் பிரஷர்காரன்! இன்னிக்கு மாத்திரையும் போடலை. இந்தாங்க அட்டை, இதே மாதிரி ஒண்ணு குடுங்க." காலி அட்டையை மேஜை மேல் வைத்தார். அவசரத்தில், கேட்காததையும் சொன்னார்: "என் வீட்டுக்காரிதான் வாங்குவா. நேத்து ஒரு வார்த்தை அதிகமா பேசிட்டேன், பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா. மாத்திரையைப் போட்டுட்டு உடனே போய்க் கூட்டிட்டு வரணும். நான் விழுந்துட்டா அவளை யார் பார்த்துப்பா?"

அம்மாள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தையல் கடை மாஸ்டர் நீங்கதானா? சார், இது வெறும் சத்து மாத்திரை."

"அப்போ பிரஷர் மாத்திரை?"

அம்மாள் சொல்லலாமா வேண்டாமா என்று சற்றுத் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பிரஷர் உங்களுக்கில்ல சார், உங்க வீட்டம்மாவுக்கு. 'எனக்குன்னு சொன்னா ஒரு நாள் பதறுவார், மறுநாள் மறந்துட்டுக் கத்துவார், அவருக்குன்னு சொன்னாத்தான் வீட்ல உப்பும் குறையும் சத்தமும் குறையும்'னு சொல்லித்தான் மூணு வருஷமா அவங்களுக்குப் பிரஷர் மாத்திரையும் உங்களுக்கு இந்தச் சத்து மாத்திரையும் வாங்கிட்டுப் போறாங்க."