மேலிடத்தில் ஓர் ஆண்டெனா

உலகம் சுருங்கிவிட்டது என்று பேசுகிறவர்கள், அதைச் சுருக்கியது யார் என்று கேட்பதே இல்லை. அடக்கத்தோடு சொல்கிறேன்: நான்தான். எங்கள் ஆய்வகத்தில் ஆண்டெனாக்களைச் சிறிதாக்கும் பிரிவுக்கு நான் தலைவன்.

மைக்ரோவேவ் ஆண்டெனாவைச் சும்மா சிறிதாக்கினால் குரல் கம்மிவிடும். அதன்மேல் மெல்லிய காந்தப் படலம் பூசினால், எள்ளளவே இருந்தாலும் எட்டூருக்குக் கேட்கும். அந்தப் படலம் ஒழுங்காகப் படிந்தது ஒரே ஒரு ஆண்டெனாச் சில்லில்தான். அது என் மாமனாருக்கு. அவருடைய இதயத் துடிப்பை மருத்துவமனைக்கு அனுப்பும் பழைய கருவி செங்கல் கனம். "இதைச் சுமக்கவே தனியா ஒரு இதயம் வேணும் மாப்பிள்ளை" என்று கழற்றி வைத்துவிடுவார்.

சில்லை 'நேரில் கண்டு பாராட்ட' இயக்குநர் வந்தார். கண்ணாடித் தட்டில் வைத்து நீட்டினேன். அவர் குனிந்தார். நான் தும்மினேன். தட்டு காலி.

முனைவர்கள் அத்தனை பேரும் தரையில் தவழ்ந்தோம்.

"இதுதான்யா சாதனை! கண்ணுக்கே தெரியலையே!" என்றார் இயக்குநர்.

தவழ்ந்தபடி கைதட்டுவது கடினம். தட்டினோம்.

அலைமானியை எடுத்தேன். முள் துள்ளியது, சில்லு வேலை செய்கிறது! இயக்குநரை நெருங்க நெருங்க முள் ஏறியது. அவர் தலையருகே உச்சம் தொட்டது. அந்தத் தலையில் இருப்பது டோப்பா என்பது எங்கள் நிறுவனத்தின் 'பரம ரகசியம்', எல்லோருக்கும் தெரியும்.

"சார், உங்க தலைல..."

"என் தலைல என்ன?"

என் பதவி உயர்வில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"அபாரமான சிந்தனை ஓடுது சார். மீட்டரே காட்டுது."

"எனக்குத் தெரியும்" என்று நிமிர்ந்த தலையோடு காரில் ஏறினார். முள் மெல்ல இறங்கிப் படுத்தது.

வீட்டு வாசலிலேயே மாமனார் பிடித்துக்கொண்டார். "கொண்டு வந்தீங்களா மாப்பிள்ளை?"

"மேலிடத்துக்குப் போயிருக்கு மாமா."

அவர் செங்கல்லைத் தூக்கிப் பார்த்தார். மேசையிலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மனைவி என்னிடமிருந்து உண்மையைக் கறந்தாள். "கையை நீட்டி எடுக்கறதுக்கு என்ன?"

"டோப்பாவும் கூடவே வந்துடுமே!"

"எங்கப்பா உயிரைவிட அந்த ஆளோட மயிர் பெருசாப் போச்சா உங்களுக்கு?"

எந்த நிலையிலும் விஞ்ஞானி துல்லியத்தைக் கைவிடலாகாது. "அது அவரோட மயிர்கூட இல்லம்மா" என்று திருத்தினேன்.