பாக்கெட்டுகள் தொலைந்த வகையில் மச்சானுக்கு எழுதியது

கே.கே. நகர், திருச்சி
வியாழக்கிழமை மாலை

மரியாதைக்குரிய மணப்பாறை மச்சான் அடைக்கலம் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி வள்ளிக்கண்ணுவைக் கட்டிக்கொண்ட சின்னையா கைகூப்பி எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்கள் முழங்கால், அக்காவின் சர்க்கரை, கன்று போட்ட மாடு மூன்றும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் பேசினால் மகள் தமிழ்மணி காதில் விழும். வாட்ஸ்அப்பில் போட்டால் நீங்கள் கை தவறிக் குடும்பக் குரூப்பில் தள்ளிவிடுவீர்கள். என் மூலத்துக்கான மருந்துச் சீட்டு போன தடவை அப்படித்தான் ஊர் சுற்றி வந்தது. ஆகவே கடிதம்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஆபீஸ் கூட்டத்தில் உங்கள் மருமகள் தமிழ்மணிக்கு வேலை இருக்குமா போகுமா என்று தெரிந்துவிடும். மன்னார்புரத்தில் அவள் இன்ஜினியராக இருக்கும் கம்பெனியில்தான் நானும் ஆபீஸ் உதவியாள். பஸ் டெப்போவில் முப்பத்திரண்டு வருசம் ஸ்பேனர் பிடித்து ரிட்டயரான பிறகு, வீட்டில் உட்கார்ந்து ரசத்துக்கு யோசனை சொன்னேன் என்று வள்ளிக்கண்ணு மகளிடம் அழுது என்னை அங்கே சேர்த்துவிட்டாள். கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதைத் துண்டு துண்டாக, பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி மறுபக்கம் தள்ளுகிற மெஷினை அங்கே செய்து சோதிக்கிறார்கள். நொடிக்குக் கோடிக்கணக்கில் போகுமாம். ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து பத்து லட்சத்துக்கு ஒன்று காணாமல் போகிறது. "பத்து லட்சத்துல ஒண்ணுதானேம்மா, போனாப் போவுது விடு" என்றேன். டெப்போவில் நட்டு தொலையாத நாள் உண்டா? அவள் பார்த்த பார்வையில் இட்லித் தட்டோடு அடுப்படிக்கு எழுந்து போய்விட்டேன். பூஜைக்கு முந்தின சாயங்காலம்தான் அவள் எழுதிய புதுப் புரோகிராமை மெஷினில் ஏற்றியிருந்தார்கள், அதனால் பழி முழுக்க அவள் தலையில். மெஷினை வாங்கப் போகும் சிங்கப்பூர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்துவிட்டார்கள்.

தொலைந்ததைத் தேடப் பாக்கெட் பிடிக்கிறார்கள் மச்சான்! ஓடுகிற பாக்கெட்டை நிறுத்தாமல் நகல் எடுத்துப் பிரித்துப் பார்ப்பது. முதலில் வழக்கமான கருவியை வைத்துப் பிடித்தார்கள், ஒன்றுகூடச் சிக்கவில்லை. கூட வேலை பார்க்கும் முஜிபுர் ரஹ்மான் எனக்கு விளக்கினார். "அங்கிள், அது வாசல்ல உக்காந்து வர்றவங்களப் பாக்குற கருவி. நம்ம புரோகிராம் வேகத்துக்காகக் கொல்லப்பக்கமா நேரா எடுத்துக்குது. அப்புறம் வாசல்ல யாரு வருவா?" சரியென்று புரோகிராமுக்குள்ளேயே காவல் வைத்துப் பிடித்தார்கள். ஒரே நிமிஷத்தில் டிஸ்க் நிரம்பி மெஷின் நின்றது. பிறகு ஒவ்வொரு பாக்கெட்டிலும் தலையை மட்டும் பிடித்து உடம்பை விட்டார்கள். அனுப்புகிற பக்கத்துத் தலைகளையும் வந்து சேர்ந்த தலைகளையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பிள்ளைக்குக் கண் இரண்டும் கோவைப்பழம். மேனேஜர் ரங்கநாதன் ஸ்ரீரங்கத்துக்காரர், நல்ல மனுஷர், பயந்த சுபாவம். தினமும் பெருமாளைச் சேவித்த கையோடு வந்து, "இன்னிக்காவது கெடச்சுதோம்மா?" என்பார். திங்கட்கிழமையிலிருந்து அவள், "இன்னும் பாக்குறேன் சார்" என்பதைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சு ஒரு பாக்கெட்டக் கண்டுபிடிக்கத் துப்பில்ல" என்று செவ்வாய்க்கிழமை எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்று மூன்று மணிக்கு டீ கொடுக்கும்போது ரஹ்மானிடம், "கம்பியில எங்கயாச்சும் கோளாறா இருக்குமோ தம்பி?" என்று சும்மாதான் கேட்டேன். "தமிழ்மணி பாத்துட்டு, சுத்தமா இருக்குன்னுச்சு அங்கிள். அது செம்புக் கம்பி இல்ல. முடி மாதிரி கண்ணாடி இழை, உள்ள வெளிச்சம்தான் ஓடுது. முனையில வெரல் ரேகை பட்டாலே போச்சு" என்றார். டிரேயை அப்படியே அவர் மேசையில் வைத்துவிட்டேன் மச்சான். ஆயுத பூஜையன்று மெஷினையெல்லாம் நிறுத்திவிட்டு, "ஒண்ணு விடாம பொட்டு வெச்சிடுங்கோ" என்றார் மேனேஜர். டெப்போவில் ஸ்டியரிங் முதல் ஸ்டெப்னி வரை பொட்டு வைத்த கை இது, விடுமா? பின்னால் மஞ்சளாக ஒரு கம்பி தெரிந்தது. கழற்றினேன், தோள் துண்டால் துடைத்தேன், அதன் வாயில் சின்னதாகச் சந்தனம், மேலே குங்குமம், மறுபடி செருகிவிட்டேன். பக்தியோடு செய்தேன், சத்தியமாக.

மேனேஜர் இன்று லீவு. நாளை பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டு வேலையை விடப் போகிறேன். அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டது பெற்ற அப்பன் என்று தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிப்பாளா என்பதுதான் பயம். உங்கள் மாட்டுச் சந்தையில் எனக்கு ஏதாவது வேலை பார்த்து வையுங்கள். மாட்டுக்குப் பொட்டு வைத்தால் பால் நிற்காது அல்லவா? வள்ளிக்கண்ணுவிடம் மூச்சு விட வேண்டாம். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், மாட்டைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
துடைத்த துண்டும் கையுமாக,
சின்னையா

பி.கு. (வெள்ளி மாலை): தபாலில் போடுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. மேலே உள்ளதைப் படித்ததும் மறந்துவிடவும், சந்தையில் யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம். பத்து மணிக்கு நான் எழுந்து நிற்பதற்குள் தமிழ்மணி எழுந்து, "தப்பு என் புரோகிராம்ல சார், நான் ராஜினாமா பண்றேன்" என்றாள். "பொய்! பொட்டு வெச்சது நானு!" என்று கத்தினேன். ரஹ்மான் ஓடிப்போய்க் கம்பியை உருவினார், ரூமெல்லாம் கோயில் வாசனை. மேனேஜர், "ரங்கா! ஒண்ணு விடாம வெக்கச் சொன்னது நானாச்சே!" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கம்பியையும் அது செருகும் பாகத்தையும் மாற்றினார்கள், ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. சிங்கப்பூருக்கு, "மரத்தூள் படிந்திருந்தது" என்று மேனேஜர் எழுதிவிட்டார், சந்தனமும் மரம்தானே. யாருக்கும் வேலை போகவில்லை. மெஷின் ரூமுக்குள் மட்டும் நான் இனிப் போகக் கூடாது, நியாயம்தான். வீட்டுக்கு வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம், "எப்பம்மா தெரியும்?" என்றேன். "திங்கக்கிழமையே பாத்துட்டேன்பா. யாருக்கும் தெரியாமத் தொடச்சிரலாம்னு பாத்தேன், உள்ள கல்லாட்டம் காஞ்சிருச்சு. பார்ட்ட மாத்துனா காரணம் எழுதணும்" என்றாள். "அதுக்காக நீ வேலைய விடுவியா?" "எனக்கு வேற எடத்துல கெடைக்கும். உங்களுக்கு அறுபத்தோரு வயசுல யாருப்பா குடுப்பா?" என்றாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டேன் மச்சான், ரோடு தெரியவில்லை.