இரட்டிப்பு வழியும் முப்பத்துநாலு நாள் குழம்பும்

முசஃபா, அபுதாபி
4.8.2006, வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை ஐயப்பன் அவர்களுக்கு,

முனியசாமி எழுதிக்கொண்டது. வெயில் நீங்கலாக இங்கே எல்லாம் நலம். தேவகோட்டையில் நீங்களும் தங்கச்சி விஜியும் குழந்தை அருணாவும், உங்கள் பிரவுசிங் சென்டரில் உள்ள கம்ப்யூட்டர்களும் நலமாக இருக்க நம் குலசாமி பார்த்துக்கொள்ளட்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டதும் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்து முடிப்பதற்குள் என் கார்டு தீர்ந்துவிடும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவணி முதல் ஞாயிறு அருணாவுக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்ள, தாய்மாமன் நான் வர முடியாத நிலையில் இருக்கிறேன். கம்பெனி மேல் தப்பில்லை. லீவு கொடுத்தாயிற்று, டிக்கெட் தலையணைக்கு அடியில் இருக்கிறது. காரணம் நீங்கள்தான். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன மாதம் ஈமெயிலில் ஒன்று அனுப்பினீர்களே, 'எந்தச் சூதாட்ட விடுதியின் ரூலெட் சக்கரத்தையும் வெல்ல உறுதியான வழி' என்று, அதைச் சொல்கிறேன்.

நான் சைட்டில் டைம்கீப்பர். நடந்ததை நடந்தபடி சொல்வது தொழில். எங்கள் ரூமில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒருநாள் சமையல் முறை. முன்பு ஒருத்தன் முறையைப் பாக்கி வைத்துவிட்டு லீவில் போனான், போனவன் போனவன்தான். அன்றிலிருந்து, முறை பாக்கி உள்ளவன் ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது அவன் கட்டிலில் வேறு ஆள் படுத்திருப்பான் என்று ரூமில் சட்டம். சைட்டில் இரவு டூட்டி பார்த்ததில் எனக்கு மூன்று முறை பாக்கி விழுந்திருந்தது. மூன்று நாள் சமைத்திருந்தால் முடிந்துபோயிருக்கும், மாப்பிள்ளை. ஆனால் படித்த மாப்பிள்ளை ஒரு வழி அனுப்பியிருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் வெங்காயம் உரிப்பது உங்களுக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைத்தேன்.

எங்கள் ரூமில் காரைக்குடிக்காரர் உடையப்பன் இருக்கிறார், லேத் பட்டறையில் கடைசல் வேலை. லாரி பேரிங் ஒன்றும் பிரியாணித் தட்டு ஒன்றும் வைத்து அவரே ஒரு ரூலெட் சக்கரம் செய்திருக்கிறார். பன்னிரண்டு சிவப்புக் குழி, பன்னிரண்டு கருப்பு, பச்சை ஒன்றே ஒன்று. இந்த ஊரில் காசு வைத்து ஆடினால் ஜெயில், அதனால் பந்தயம் சமையல் முறைதான். நாம் சொன்ன நிறத்தில் குண்டு விழுந்தால் நம் முறையை உடையப்பன் சமைக்க வேண்டும், மாறி விழுந்தால் அவர் முறையை நாம் சமைக்க வேண்டும். பச்சையில் விழுந்தால் எந்த நிறம் சொல்லியிருந்தாலும் அவருக்கே வெற்றி. சக்கரம் வந்த பிறகு அவர் அடுப்புப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் வழிப்படி, தோற்றால் அடுத்த தடவை இரட்டிப்பாக வைக்க வேண்டும். என்றைக்காவது ஒரு தடவை ஜெயித்துத்தானே ஆக வேண்டும், அப்போது இழந்தது முழுக்கத் திரும்பி வந்து மேலே ஒன்று மிஞ்சும். போன வாரத்து வியாழக்கிழமை டூட்டி முடிந்து குளித்து, விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்பில் ஒன்று வைத்தேன், கருப்பு விழுந்தது. இரண்டு வைத்தேன், கருப்பு. நாலு வைத்தேன், கருப்பு. ரூமே கட்டிலை விட்டு இறங்கி வந்துவிட்டது. ஸ்டோர்கீப்பர் ஆனந்தராசா அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், என் தோளைப் பிடித்து, "முனியசாமி, உந்த விளையாட்ட விட்டிட்டு எழும்பும். நாளைக்கு எங்களுக்கெல்லே சாப்பாடு வேணும்" என்றார். எட்டு வைத்தேன். குண்டு சிவப்பை எட்டிப்பார்த்துவிட்டுப் பச்சையில் போய்ப் படுத்தது. பதினாறு வைத்தேன், மறுபடி கருப்பு. சரி, முப்பத்திரண்டு என்று சொன்னேன். உடையப்பன் சக்கரத்தின் மேல் கையை வைத்துவிட்டார்.

"பதினாறுக்கு மேல கிடையாதுப்பா."

"யாரு சொன்னா?"

"நாந்தேன். சக்கரம் யாருது?"

"இத்தன தடவ சிவப்பே விழுகல. அடுத்தது சிவப்பு விழுந்தே ஆகணும்யா!"

"இதுக்கு முன்ன என்ன விழுந்துச்சுன்னு அதுக்கு ஞாபகம் இருக்குமாக்கும்? லாரி பேரிங்குப்பா அது!"

தோற்றது முப்பத்தொன்று, பழைய பாக்கி மூன்று, ஆக முப்பத்துநாலு நாள். உங்கள் இன்டர்நெட் இரண்டு விஷயத்தை எழுதாமல் விட்டிருக்கிறது, மாப்பிள்ளை. முதலாவது, அந்தப் பச்சைக் குழி. அது யாருக்காக இருக்கிறது என்றால் சக்கரக்காரனுக்காக, எத்தனை இரட்டித்தாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டாவது, நாம் இரட்டித்துக்கொண்டே போகலாம் என்பது நம் நினைப்பு, ஒரு கட்டத்தில் சக்கரக்காரன் கையை வைத்து மறித்துவிடுவான். அவன் மறிக்காவிட்டாலும் எனக்கு விசா முடிய இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது, அதற்கு மேல் பந்தயம் வைக்க என்னிடம் நாளும் இல்லை. ஆகவே சூதாட்ட விடுதியை யாரும் வெல்ல முடியாது. கோவாவுக்குப் போய்ச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டாம்.

ஒரு வாரமாக நான்தான் சமைக்கிறேன். தற்பெருமை கூடாது, ஆனால் கை பழகியதும் எனக்கே தெரியாத திறமை வெளியே வந்திருக்கிறது. சனிக்கிழமை புளி தீர்ந்துபோனது, ஆரஞ்சு ஜூஸ் பவுடர் இருந்தது, இரண்டும் புளிப்புதானே என்று மத்திக் குழம்பில் போட்டேன், நல்ல நிறம் வந்தது. உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று தினமும் எல்லாவற்றிலும் ஒரு கைப்பிடி வெந்தயம். இப்போது சாப்பிடும்போது ரூமில் யாரும் பேசுவதே இல்லை. முன்பெல்லாம் என்ன சத்தம், என்ன கிண்டல்! ஆனந்தராசா அண்ணன் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உண்மையச் சொல்லும், இது குழம்போ கஷாயமோ?" என்று கேட்டார். "ரெண்டும்தான்ணே, மிளகும் போட்டிருக்கேன்" என்றேன். கண் கலங்கிவிட்டார் மனுசன், சாப்பாடு ஊர் ஞாபகத்தைக் கிளப்பிவிட்டது போல. இரண்டு பேர் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று வெளியே குப்பூஸ் ரொட்டி வாங்கித் தின்கிறார்கள். உடையப்பன் மட்டும் எங்கேயும் போக மாட்டார், மெஸ்ஸுக்குக் கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று உட்கார்ந்து முழுக்கச் சாப்பிடுகிறார்.

அதனால் மாப்பிள்ளை, என்னை எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் சித்தப்பா மகன் அன்பரசன் இருக்கிறான், அவனும் முறைக்கு மாமன்தான், அவன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிடுங்கள். இந்த ஒரு வரியை எழுத நான் இரண்டு தடவை தண்ணி குடிச்சேன். அந்தப் பய சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான், 'நீ சோறு பொங்கிக்கிட்டு இருந்தப்ப நாந்தானடா மாமன்'னு. பிள்ளை பிறந்து இன்னும் நான் தொட்டுத் தூக்கியதுகூட இல்லை. குத்தும்போது அழுதால் வாயில் கொஞ்சம் சர்க்கரை போடச் சொல்லுங்கள். விஜியிடம் சைட்டில் அவசர வேலை என்று மட்டும் சொல்லவும், சக்கரத்தைப் பற்றி வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், அருணாவுக்கு முத்தம், அன்பரசனுக்கு ஒன்றும் இல்லை.

என்றும் தங்கள்
முனியசாமி

பின்குறிப்பு (6.8.2006): மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். தபாலில் போடுவதற்குள் நேற்று ரூமில் கூட்டம் போட்டார்கள். உடையப்பன் சக்கரத்தை அவர் கையாலேயே கழற்றி, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "கலாஸ்ப்பா, எல்லாம் முடிஞ்சுச்சு. ஒரு முறையும் பாக்கி இல்ல. நீ ஊருக்குப் போ. இனிமே ஒன் முறையெல்லாம் நானே சமைக்கிறேன், நீ வந்த பெறகும் நாந்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனந்தராசா அண்ணன் பிள்ளைக்குக் கவுன் வாங்கிக் கொடுத்து, "ஆறுதலா வாரும், அவசரமில்ல" என்றார். என் கைக்குப் பழகிவிட்டால் பிறகு வேறு சாப்பாடு இறங்காதே என்ற பயம்தான், பாவம். ஆக, சூதாட்ட விடுதியை வெல்ல வழி இருக்கிறது மாப்பிள்ளை: பெரிதாகத் தோற்க வேண்டும், தோற்றதை மனசாரச் சமைத்துப் போட வேண்டும். பதினெட்டாம் தேதி புறப்படுகிறேன், அன்பரசனிடம் மடி தேவையில்லை என்று இன்றைக்கே சொல்லிவிடவும். இன்னொன்று. காதுகுத்து விருந்துக்குச் சமையல்காரர் பேசியிருந்தால் நிறுத்திவிடுங்கள். இருநூறு பேர்தானே, குழம்பு நான் வைக்கிறேன். வெந்தயம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள்.