இணைப்புக்குப் பயந்து ஓர் ஆளைச் சாகடித்தேன்

அடுத்தவருடைய இணையதளப் பக்கத்துக்கு அனுமதியில்லாமல் இணைப்புக் கொடுத்தால் பொலிஸ் வந்து பிடிக்கும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. (வெறும் மூன்று என்றால் மன்னித்திருக்கலாம்.)

மனைவியும் மகளும் கனடாவுக்குப் போன பிறகு, வெள்ளவத்தை ஃபிளாட்டில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம் காலையில் மரண அறிவித்தல் தளமொன்றைப் பார்ப்பது. எங்கள் ஆட்களுக்குக் கலியாண வீட்டுக்குப் போகாவிட்டால் சமாளிக்கலாம். செத்தவீட்டுக்குப் போகாவிட்டால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். ஆகவே கொழும்பில் தெரிந்தவர்களின் அறிவித்தல்களுக்கு இணைப்புக் கொடுத்து ஒரு சின்ன வலைப்பக்கம் நடத்தினேன். கீழே "நன்றி தம்பி" என்று நாலைந்து பேர் எழுதுவார்கள். சில நாட்களில் என்னுடன் கதைத்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ஒருநாள் பொழுது போகாமல் அந்தத் தளத்தின் அடியில் இருந்த பொடி எழுத்துகளை வாசித்தேன். "எழுத்துமூல அனுமதியின்றி எமது பக்கங்களுக்கு இணைப்பு வழங்குவோர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்."

எத்தனை கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருட இணைப்புகள்! ஒன்றுக்கு ஒரு வாரம் என்று மறியலில் அடைத்துப் போட்டாலும், வெளியே வரும்போது என் அறிவித்தலையே யாராவது போடவேண்டியிருக்கும். நிறுத்திவிடலாம்தான். ஆனால் நிறுத்தினால் எனக்கு நன்றி சொல்ல உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

எனவே ஒரு தந்திரம் செய்தேன். இணைப்புகளையெல்லாம் அழித்தேன். அன்றைய அறிவித்தலை ஒரு வரி விடாமல் தட்டச்சு செய்து, படத்தையும் எடுத்து என் பக்கத்தில் ஒட்டினேன். இணைப்பே இல்லை, இனிச் சட்டம் என்ன செய்யும்?

இறந்தவர் லண்டனில் இருந்தவர். அறிவித்தலின் அடியில் வழக்கம்போல, "தகவல்: சிவபாதம் (மைத்துனர்), கொட்டாஞ்சேனை" என்று இருந்தது. நான் தலைப்பைக் கடைசியாகப் போட்டேன். அவசரத்தில், கண்ணுக்கு முன்னால் இருந்த பெயரையே போட்டுவிட்டேன்: "அமரர் சிவபாதம், கொட்டாஞ்சேனை."

வலைப்பக்கத்தில் என் தொலைபேசி இலக்கமும் இருந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு அது அடித்தது.

"தம்பி, சிவபாதம் கதைக்கிறன்."

"எந்தச் சிவபாதம்?"

"நீர் காலமை சாகடிச்ச சிவபாதம். கெதியா வாரும். தலைப்பை மட்டும் வாசிச்சுப்போட்டு கிருலப்பனையில இருந்து ஆக்கள் மாலையோட வந்து நிக்கினம். நான் கதவைத் திறந்ததைப் பார்த்து ஒரு மனிசி மயங்கி விழுந்திட்டா."

ஓட்டோவில் போகும் வழியெல்லாம் மன்னிப்பு வசனங்களைப் பாடமாக்கினேன். அங்கே வெள்ளை உடுப்புடன் பத்துப் பேர் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். மயங்கிய மனிசி பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. தனியாக இருக்கும் மனிதர் சிவபாதம். எழுபது வயது. என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். அறை விழப்போகிறது என்று கன்னத்தைத் தயாராக்கினேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. இண்டைக்கே அந்தப் பக்கத்தை மூடிவிடுறன்."

"அதைப் பிறகு பாப்பம். சீனி முடிஞ்சுது, கீழ போய் வாங்கிக்கொண்டு வாரும்." குரலைத் தாழ்த்தினார். "பொங்கலுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை, தம்பி. கொஞ்சம் இருக்கட்டும்."

சீனியுடன் திரும்பி வந்தபோது கூட்டத்தில் என் பழைய வகுப்புத் தோழன், சட்டத்தரணி நௌஷாட், என்னைப் பிடித்துக்கொண்டான். "ஏன்டா மச்சான் இணைப்பெல்லாம் எடுத்துட்ட?"

சொன்னேன். அவனுக்குத் தேத்தண்ணி புரையேறியது.

"அடேய், இந்த ஊடு அந்த ரோட்டுல ஈக்கின்னு சொல்றதுக்கு ஊட்டுக்காரன்ட்ட அனுமதி வாங்கணுமா? சும்மா இணைப்புக் குடுத்ததுக்கு இங்க எவனையும் கோட்டுக்கு இழுத்ததா நான் கேள்விப்படல்ல. அவன் தன்ட பக்கத்துல என்னத்தயும் எழுதி வெக்கலாம், அதெல்லாம் சட்டமாகிடுமா?"

"அப்ப நான் குற்றவாளி இல்லை?"

"நேத்துவரைக்கும் இல்ல. இண்டைக்கித்தான் அவங்கட படத்தயும் எழுத்தயும் அப்பிடியே தூக்கிப் போட்டீக்கிறாய். சிக்கல் அதுலதான்டா."

இரண்டு வருடம் நல்லவனாக இருந்துவிட்டு, குற்றவாளியாகிவிடுவோமோ என்ற பயத்தில் குற்றம் செய்தவன் நான்.

மறுநாள் அந்தத் தளத்துக்காரரை அழைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "இணைப்போ? தாராளமாப் போடுங்கோ, ஆக்கள் வரத்தானே தளம் நடத்துறம்," என்றார்.

"அப்ப அடியில எழுதியிருக்கிறது?"

"அடியில என்ன எழுதியிருக்கு?"

ஆரம்பத்தில் வேறெங்கோ இருந்து பிரதி பண்ணிப் போட்டதாம். அவரும் வாசித்ததில்லை. படத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன்.

மகள் இப்போதும் வீடியோவில் வந்ததும் முதலில் கேட்பது, "அப்பா, இண்டைக்கு ஆரைச் சாகடிச்சனீங்கள்?" பின்னால் மனைவி சிரிப்பது கேட்கும். பிறகு அவர்களுக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

இணைப்புக் கொடுத்ததற்காக இன்றுவரை எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. அன்று மாலையோடு வந்த ஆட்கள் சிவபாதம் அண்ணர் வீட்டுக்குப் பிறகு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன்.