மாற்று ஆள் வீரமலை

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு மட்டையைக் கையால் தொடுவதில்லை என்று வீரமலை சபதம் எடுத்துவிட்டார். சும்மா எடுக்கவில்லை, கைலாசபுரம் ஆலையில் தன்னோடு வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் கேட்கும்படி எடுத்தார். போன வருஷம் நகக்கண்ணில் சுண்ணாம்போடு வேலைக்குப் போய்ப் பட்ட கேலி இன்னும் ஆறவில்லை.

"திங்கட்கிழமை என் நகத்தைப் பாருங்கய்யா!" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

இந்தத் தைரியத்துக்குக் காரணம் உண்டு. ஆலையில் போன வாரம் திட்டமிடும் வகுப்பு நடத்தினார்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரி, துண்டுக்கு ஓர் ஆளைப் போடு, நாளைக் குறி, அப்புறம் மேலே நின்று கவனி. மேலே நின்று கவனிக்கவே தாம் பிறந்திருப்பதாக வீரமலைக்கு அன்றுதான் தெரிந்தது.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்ததும் கூடத்துச் சுவரில் அடுப்புக்கரியால் கட்டம் போட ஆரம்பித்தார்.

"என்னங்க, சுவத்துல கிறுக்குறீங்க?" என்றாள் மனைவி வள்ளிக்கண்ணு.

"கிறுக்கல் இல்லடி, திட்டம். வெள்ளையடிச்சா தானா மறைஞ்சிடும், காகிதச் செலவு மிச்சம். இங்க பாரு. பழைய சுண்ணாம்பைச் சுரண்டுறது உன் தம்பி அடைக்கலம். கரைக்கிறது, தரை கழுவுறது நீ. வெள்ளையடிக்கிறது கூலிக்கு நம்ம மருதை."

"நீங்க?"

"மேற்பார்வை."

வள்ளிக்கண்ணு கோபப்படவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"நல்லாத்தான் இருக்கு. யாராச்சும் வரலேன்னா?"

அடடா! வகுப்பில் கடைசியாகச் சொன்ன பாடமே அதுதானே! ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும். பாடம் படிக்காத மனைவிக்கே இது புரிகிறதே என்று பூரித்துப்போனார்.

"யாரைப் போடலாம், சொல்லு."

"பொறுப்பான ஆளா இருக்கணுங்க. உங்களை விட்டா எனக்கு யாரைத் தெரியும்?"

வீரமலைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லாக் கட்டத்துக்கும் பக்கத்தில் 'மாற்று ஆள்: வீரமலை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மருதையைக் காணோம். தெருவோடு சைக்கிளில் போனவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இந்த வருஷம் நீங்களே அடிக்கப் போறீங்கன்னு அண்ணி நேத்தே சொல்லிட்டாங்களே! சத்திரத்துப் பக்கம் வேற வீடு ஒத்துக்கிட்டேங்க."

திரும்பிப் பார்த்தால் வாசலில் அடைக்கலம், சலவை வேட்டியில் நிற்கிறான். பின்னால் வள்ளிக்கண்ணு, புதுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக.

"டவுனுக்குப் பொங்கல் துணி எடுக்கப் போறேங்க. தம்பி துணைக்கு வரான்."

"அப்ப சுரண்டுறது? கரைக்கிறது?"

அவள் சுவரைக் காட்டினாள். "நீங்க எழுதினதுதாங்க. நாங்க மீறலாமா?"

சாயங்காலம் அவர்கள் திரும்பியபோது வீரமலை ஏணிமேல் நின்றார். மீசை வெள்ளை, நகக்கண் பத்தும் வெள்ளை. நாளைக்கு ஆலையில் இந்தக் கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? மிச்சமிருந்தது கரிக்கட்டம் போட்ட சுவர் ஒன்றுதான். வந்த ஆத்திரத்தில் மட்டையைத் தோய்த்து ஓங்கினார்.

"ஐயோ, அதை மட்டும் அழிச்சிடாதீங்க!" என்று ஓடிவந்தாள் வள்ளிக்கண்ணு. "அடுத்த வருஷத்துக்கும் ஆகுமே!"