பெயர் வரலாற்றுத் தீர்மானம்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைத் தேதிவாரியாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் நியாயமும் தப்பிவிடும்.

முதல் அநீதி, மார்ச் ஒன்பது. எங்கள் குடியிருப்பில் இருபத்துநான்கு வீடுகள். எல்லாரும் பேசிக்கொள்ள ஒரு சாட் அறை உண்டு. அதில் லிஃப்ட் பற்றிப் பதினான்கு அம்சக் கோரிக்கை ஒன்றை வெளியிட்டேன். கீழே 'கொட்டாவி' என்ற பட்டப்பெயரில் ஒருவர் எழுதினார்: "இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள லிஃப்ட் சரியாகி, மறுபடியும் கெட்டுப்போச்சு."

இரண்டாம் அநீதி, ஏப்ரல் இரண்டு. தண்ணீர்த் தொட்டியின் அவலத்தைக் கண்டித்து மக்களைத் திரண்டு வரச் சொன்னேன். 'குண்டூசி' என்று ஒருவர் கேட்டார்: "திரண்டு வர்றோம். தொட்டிக்குள்ள முதல்ல இறங்கறது யாரு? தோழரா?" அன்று எனக்கு இடுப்புப் பிடிப்பு. அது உலகறிந்த விஷயம்.

மூன்றாம் அநீதி, மே இருபது. குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாக அறிவித்தேன். 'ஓட்டை வாளி' ஒரே வரி எழுதினார்: "இவர் தலைவரானா வேலையை யார் செய்வாங்க?" அதற்குப் பத்தொன்பது பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

நான்காம் அநீதி. இந்த மூன்றையும் நான் தேதியுடன் குறித்துவைத்த நோட்டை, ஆடிக்கொண்டிருந்த அலமாரியின் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள் என் மனைவி.

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்து வருடம். மீதிப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம். அச்சகத்தில் எழுத்து அடுக்கும்போதே படித்தவை. நாற்பது வருடத்தில் மூன்று முதலாளிகளையும் இரண்டு மேலாளர்களையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டவன் நான். வென்ற வேலைநிறுத்தத்துக்கு மாலை வேறு கழுத்துக்குப் போயிற்று. தோற்றவற்றுக்கு நான் மட்டும் பொறுப்பு. அதனால் சாவதற்குள் ஒரு தேர்தலிலாவது ஜெயித்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. சங்கத் தலைவர் பதவிக்கு மூன்று முறை நின்றேன். மூன்று முறையும் மூன்றாம் மாடிப் பல் வைத்தியர் ஜெயித்தார். அந்த மனிதர் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேச மாட்டார். எல்லாரும் அவரிடம் ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கிறார்கள். அதுதான் அவருடைய செல்வாக்கு.

கொட்டாவி, குண்டூசி, ஓட்டை வாளி மூன்றும் அவரே என்பது என் முடிவு. நடை ஒன்றுதான். குத்து ஒன்றுதான்.

ஆனால் நான் தனியாள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு 'தீப்பொறி' இருந்தார். நான் எதை எழுதினாலும், யார் எவ்வளவு சிரித்தாலும், ஒரு மணி நேரத்துக்குள் தீப்பொறி வந்துவிடுவார்: "தோழர் சொல்வது முற்றிலும் சரி." யாரென்று தெரியாது. நாலாவது மாடியில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியனாக இருக்கலாம் என்று யூகித்தேன். சட்டைக் கையை மடித்துவிட்ட விதத்திலேயே ஒரு வர்க்க உணர்வு தெரிந்தது. அவருக்குக் கொடுக்கவென்று என் பழைய பிரசுரங்களை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தேன்.

சாட் அறை வந்த கதையையும் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன், நம் பேச்சு கம்பெனிக்காரனின் கம்பியில் ஓடக் கூடாது, நமக்கென்று சொந்த சர்வர் வேண்டும் என்று நான்தான் தீர்மானம் கொண்டுவந்தேன். ஏகமனதாக நிறைவேறியது. அதை நடத்துவது யார் என்றபோது எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மனைவி ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, வாஷிங் மெஷினுக்கு மேலே பலகை அடித்து வைத்தாள். ஒரு மாதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஓட விட்டாள். போராட்டம் என்னுடையது, பராமரிப்பு அவளுடையது. அதிலே அவள் பேசி நான் பார்த்ததில்லை. எப்போதாவது சர்வர் தன் பெயரிலேயே அறிவிப்பு கொடுக்கும்: 'பத்து நிமிடம் நிற்கும்.' அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் திட்டத்தைச் சொன்னேன். யார் எப்போது என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார் என்ற வரலாறு முழுவதும் சேமிக்கப்பட வேண்டும். தேடினால் கிடைக்க வேண்டும்.

"இப்ப அது கிடைக்காதுங்க," என்றாள். "ஒருத்தர் பேரை மாத்தினா அதுக்கப்புறம் புதுப்பேர்தான் தெரியும். பழசையெல்லாம் சர்வர் ஒரு மூலையில குப்பையா எழுதிக்கிட்டே இருக்கும். தேட முடியாது."

"குப்பையை வரிசைப்படுத்து."

"வேண்டாம். பேரு மாத்திக்கறது சட்டை மாத்திக்கற மாதிரி. துவைக்கப் போட்டதை எடுத்து வாசல்ல தொங்கவிடக் கூடாது."

"மறைக்கறவன்தான் பயப்படணும். நான் முதல் நாள்லேருந்து ஒரே பேர்தான், 'முன்னோடி'."

"உங்களுக்குப் பேரே வேண்டாங்க. நீளத்தைப் பார்த்தாலே எல்லாருக்கும் தெரியும்."

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. தீர்மானத்தை வாய்மொழியாகச் சொன்னேன். அவள் தட்டச்சு செய்தாள். பெயர் மாற்றி ஒளிந்துகொண்டு சக உறுப்பினரை இழிவுபடுத்தியவர் என்று நிரூபணமானால், அவரும் அவர் குடும்பத்தாரும் மூன்று ஆண்டுகளுக்குச் சங்கத்தில் எந்தப் பதவிக்கும் நிற்கக் கூடாது. அவள் கை நின்றது.

"குடும்பத்தாருமா?"

"ஆமா. இல்லாட்டி பல் வைத்தியரைத் தூக்கினா அவர் பொண்டாட்டி மறுநாளே நிப்பா."

"புருஷன் பண்ணினா பொண்டாட்டி நிக்கக் கூடாது."

"கூடாது."

"ரெண்டு பக்கமும்தானே?"

"சட்டம்னா ரெண்டு பக்கமும்தான்."

அவள் தட்டச்சு செய்தாள். பிறகு தானாகவே இரண்டு நிபந்தனைகள் சேர்த்தாள். யாருடைய வரலாற்றையும் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. பொதுக்கூட்டத்தில், சாட்சிகள் முன்னால் மட்டுமே பார்க்க வேண்டும். புகார் கொடுத்தவரே கடைசிப் பெயரிலிருந்து முதல் பெயர் வரை ஒன்று விடாமல் உரக்கப் படிக்க வேண்டும். படிக்காமல் பாதியில் நிறுத்தினால் புகார் கொடுத்தவருக்கே அந்த மூன்று ஆண்டு தண்டனை. எனக்கு மெய்சிலிர்த்தது. கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து என் மனைவிக்கு அரசியல் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு தீர்மானம் நிறைவேறியது. பல் வைத்தியரும் கை தூக்கினார். திருடனுக்குத்தான் எவ்வளவு துணிச்சல் என்று மனதுக்குள் வியந்துகொண்டேன். அதற்கடுத்த ஞாயிறு தேர்தல். அதற்கு முன்னதாக விசாரணை.

அந்த ஒரு வாரம் வாஷிங் மெஷின் ஓடவில்லை. அவள் அதன் முன்னே முக்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று வருடக் குப்பையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தாள். உறுப்பினர் எண், பட்டப்பெயர், எந்த நாள் எந்த நிமிடத்திலிருந்து, எந்த நிமிடம் வரை. நான் பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தேன். நடுவில் ஒரு சிக்கலைச் சொன்னாள். ஒருவர் விட்ட பெயரை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். கொட்டாவி என்ற பெயரிலேயே இதுவரை மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். வெறும் பெயரைக் கொடுத்துத் தேடினால் அப்பாவி மாட்டிக்கொள்வார்.

"எக்ஸ்சேஞ்ச்லயும் இதே தொல்லைதான்," என்றாள். "நம்பரை ஒருத்தர் விட்டுட்டுப் போவார். அடுத்தவருக்கு வர்ற போனெல்லாம் பழைய ஆளைத் திட்டும். நாள் சொன்னாத்தான் ஆள் கிடைக்கும். உங்ககிட்ட தேதி இருக்கா?"

தேதி இல்லாத போராளி உண்டா? அலமாரியை ஒரு கையால் தூக்கி நோட்டை உருவினேன். அலமாரி சாய்ந்தது. சாயட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை. வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முப்பத்தொரு பேர். என் மனைவி லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு மூன்றாம் வரிசைக்குப் போய்விட்டாள். விசைகளைத் தட்டும் பொறுப்பு முதல் மாடிக் கணக்கு டீச்சருக்கு. அந்த அம்மாள் யாருக்கும் அரை மார்க் கூடச் சும்மா போட்டதில்லை என்பதால் எல்லாருக்கும் சம்மதம்.

டீச்சர் பெயரையும் தேதியையும் தட்டினார். கொட்டாவி, மார்ச் ஒன்பது. உறுப்பினர் எண் ஒன்பது. குண்டூசி, ஏப்ரல் இரண்டு. எண் ஒன்பது. ஓட்டை வாளி, மே இருபது. எண் ஒன்பது.

யாருடைய எண்ணும் யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்றும் ஒரே ஆள். கூட்டம் சலசலத்தது. நான் எழுந்து பத்து நிமிடம் பேசினேன். முகமூடிகளைப் பற்றியும், அவை கிழிவதைப் பற்றியும். பேசும்போது முழுக்கப் பல் வைத்தியரையே பார்த்தேன். அவர் என் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் ஒன்பதாம் எண்ணின் முழு வரலாற்றைத் திறந்து, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். நான் கம்பீரமாக முதல் வரியைப் படித்தேன்.

"தீப்பொறி. மே இருபது, காலை பதினொன்று முதல் இன்று வரை."

நிறுத்தினேன். கண்ணாடியைத் துடைத்தேன். அடுத்த வரி. ஓட்டை வாளி, மே இருபது, காலை பத்து. அதற்குக் கீழே தீப்பொறி, ஏப்ரல் இரண்டு. அதற்குக் கீழே குண்டூசி, அதே நாள், ஒரு மணி நேரம் முன்னால். பிறகு தீப்பொறி. பிறகு கொட்டாவி. இயந்திரக் கோளாறு என்றேன். டீச்சர் இல்லை என்றார்.

உடனே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தலைமறைவு இயக்கங்களைப் பற்றிப் படித்தவனுக்கு இது புதிதல்ல. எதிரி என் பக்கத்திலேயே ஒற்றனை வைத்திருக்கிறான். என் ஒரே தொண்டன் பல் வைத்தியர். இதைக் கூட்டத்துக்கு விளக்கினேன். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"ஐயா," என்றார் அவர் மெதுவாக, "எனக்கு ஒரே பேருதான். பல் வைத்தியர்னு. என்னை அந்தப் பேர்ல யாரும் கூப்பிடறதே வலிச்சாத்தான். கடைசிப் பக்கம் இன்னும் இருக்கு. தள்ளிப் பாருங்க."

தள்ளினேன். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அந்தக் கணக்கைத் திறந்த நாளில் வைத்த முதல் பெயர்.

அந்தப் பெயரை எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன், சாட் அறையின் திறப்பு விழாவன்று, இந்த இரண்டு விரல்களால் நானே தட்டி வைத்த பெயர். வைத்துவிட்டு, அழகாக இருக்கிறதல்லவா என்று நானே சொல்லிக்கொண்ட பெயர். அது எத்தனை நிமிடம் உயிரோடு இருந்தது என்பதும் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

நேரமாகிவிட்டது, மீதியைப் படித்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். டீச்சர் விதியைக் காட்டினார். ஒன்று விடாமல், உரக்க. நிறுத்தினால் என்ன தண்டனை என்பதையும் அடிக்கோடிட்டுக் காட்டினார்.

லேப்டாப்பில் சார்ஜ் குறைகிறது என்று என் மனைவி எழுந்து வந்தாள். ஒயரைச் சொருகக் குனிந்தவளிடம் நானும் குனிந்து கிசுகிசுத்தேன்.

"நீயா?"

"அதான் எழுதியிருக்கே."

"தீப்பொறியுமா?"

"வேலையெல்லாம் என் தலையில வந்து விழப்போகுதுன்னு தெரிஞ்சா மத்த பேரு. நீங்க சாப்பிடாம சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்தா தீப்பொறி." ஒயரை அழுத்தினாள். "அந்தத் தகரப் பெட்டியை எலக்ட்ரீஷியனுக்குக் குடுத்துடாதீங்க. பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. நானே படிச்சிக்கறேன்."

"தேர்தல்?"

"ரெண்டு பக்கமும்னு நீங்கதானே சொன்னீங்க. மூணு வருஷம் நம்ம வீட்டுக்கு லீவு. படிங்க, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

அவள் திரும்பிப் போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, மற்றவர்களைப் போலவே ஆவலாக என்னைப் பார்த்தாள்.

தடியடிக்கு முன்னால் நின்றிருக்கிறேன். பூட்டிய அச்சக வாசலில் நாற்பத்தாறு நாள் உட்கார்ந்திருக்கிறேன். நிமிர்ந்து நின்றேன். முப்பத்தொரு சாட்சிகள் முன்னால், கடைசி வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி, திரையில் இருந்ததை இருந்தபடியே படித்தேன்:

"முதல் பெயர். காலை பதினொன்று இரண்டிலிருந்து பதினொன்று ஆறு வரை. போராளியின் துணைவி."